பரணில் கிடக்கும் பாட்டுச் சேனல்கள்: வடசென்னை வீடியோ கேசட்டுகளை மீட்கும் வழி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் 1990-களில் டெக் (கேசட்டில் பதியவும் ஓட்டவும் உதவும் விசிஆர்) வாங்கிய வீடுகளில் வீடியோ கேசட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன. மேலே ‘அக்கா கல்யாணம்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருக்கும். கல்யாணம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்ச டேப்பில் கேபிளில் ஓடிய பாட்டுகளைப் பதிந்து வைத்திருப்பார்கள். கேசட்டை டிவிடியாக மாற்றக் கொடுக்கும்போது, “கல்யாணம் வரைக்கும் போதும், மிச்சத்தை வெட்டிடுங்க” என்றுதான் பலரும் சொல்கிறார்கள். காப்பாற்ற வேண்டியது அந்த மிச்சத்தைத்தான்.

சினிமாப் பாட்டுக்கு இன்று பஞ்சமில்லை. அன்றைய படத்தைவிடத் தெளிவாகவே எங்கும் கிடைக்கிறது. கிடைக்காதது இரண்டு பாட்டுக்கு நடுவில் இருந்தவை: தொகுப்பாளர் பேசிய பேச்சு, போனில் வந்த நேயரின் குரல், கீழே ஓடிய பிறந்தநாள் வாழ்த்து, எம்.சி. ரோடு ஜவுளிக்கடை விளம்பரம், சேனலின் மூலை முத்திரை. நேரலையில் போன பேச்சைப் பத்திரப்படுத்த வேண்டிய பொருளாக அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. தெருக் கேபிள்காரர் நடத்திய சேனலுக்கோ காப்பகம் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே கேசட்டை மாற்றும்போது முதல் விதி, எதையும் வெட்டக் கூடாது. புள்ளி புள்ளியாக வரும் இடம், பாதியில் அறுந்த விளம்பரம், சேனல் மாற்றியபோது தாவிய படம் எல்லாம் அப்படியே வரட்டும்.

டேப்பின் வயதைக் கண்டுபிடிப்பது

மேலே எழுதிய தேதியை நம்ப முடியாது. ஒரே கேசட்டில் மூன்று முறை மேலெழுதியிருப்பார்கள். படத்துக்குள் இருப்பதை வைத்துத்தான் வருடத்தைக் கட்ட வேண்டும். அதற்குச் சேனல்களின் வரலாறு கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பாட்டைப் படத்தோடு பார்க்க வெள்ளிக்கிழமை மாலை ‘ஒளியும் ஒலியும்’ வரும் வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கி இருபத்து நாலு மணி நேரமும் பாட்டுப் படங்களை ஓடவிட்டது. அது நம் தெருவுக்கு வரப் பத்து வருடம் ஆனது. 1991-ல் ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் டிவி தொடங்கியபோது அதன் சேனல்களில் ஒன்றாக எம்டிவியும் வந்தது. அதைச் சுமந்து வந்த ஆசியாசாட்-1 செயற்கைக்கோளுக்கே ஒரு கதை உண்டு. 1984-ல் வேறு பெயரில் ஏவப்பட்டுத் தவறான பாதையில் சிக்கிக்கொண்ட கோள் அது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்கலத்தில் போன வீரர்கள் அதைப் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மறுபடி ஏவினார்கள். அதிலிருந்து இறங்கிய சி-பேண்ட் அலையைப் பிடிக்கத்தான் மொட்டைமாடிகளில் பன்னிரண்டு அடி டிஷ் முளைத்தது.

1994-ல் எம்டிவி ஸ்டாரைவிட்டுப் பிரிந்தது. காலியான இடத்தில் ஸ்டார் ‘சேனல் வி’யைத் தொடங்கியது. எம்டிவி 1996-ல் இந்தியாவுக்கென்றே தனிச் சேனலாகத் திரும்பியது. ஆகவே எம்டிவி முத்திரையோடு ஆங்கிலப் பாட்டும் ஸ்டார் அறிவிப்பும் சேர்ந்து வந்தால் டேப் 1991-க்கும் 1994-க்கும் இடைப்பட்டது. சேனல் வி தெரிந்தால் 1994-க்கு முன் போக வாய்ப்பில்லை. எம்டிவியில் இந்திப் பாட்டு மேலோங்கியிருந்தால் 1996-க்குப் பின் என்று கொள்ளலாம். சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. நேயர் போன் செய்து பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சியைத் தமிழ் வீடுகளில் வழக்கமாக்கியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 2000-களின் தொடக்கத்தில் தென்னிந்திய மொழிகளை ஒன்றாகக் கலந்து எஸ்.எஸ். மியூசிக் வந்தது. 2004-ல் சன் மியூசிக், 2008-ல் இசையருவி. அதற்குள் வீடுகளில் டெக் ஓய்ந்துவிட்டதால் இவற்றின் பதிவுகள் கேசட்டில் அரிதாகவே கிடைக்கும். 2004-க்குப் பிந்திய வீட்டுப் பதிவு கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

முத்திரை தெரியாத இடங்களில் சின்னச் சின்னத் தடயங்கள் உதவும். விளம்பரத்தில் ‘மெட்ராஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1996-க்கு முந்தியது. ஆனால் சில கடைகள் பழைய விளம்பரத்தையே வருடக்கணக்கில் ஓட்டின, இதை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். தொலைபேசி எண் அதைவிட நல்ல சாட்சி. சென்னை எண்கள் முதலில் ஆறு இலக்கம், பிறகு ஏழு, 2000-களின் தொடக்கத்தில் முன்னால் 2 சேர்ந்து எட்டு. 98400, 98410 என்று செல்போன் எண் வந்தால் 1995-க்குப் பின். 94440 வந்தால் பி.எஸ்.என்.எல். செல் சேவை தொடங்கிய 2002-க்குப் பின். ‘செட்டாப் பாக்ஸ் வாங்குங்கள்’ என்று கேபிள்காரரின் அறிவிப்பு ஓடினால் 2003 செப்டம்பர் 1-ஐ ஒட்டியது, கட்டணச் சேனலுக்குப் பெட்டி கட்டாயம் என்ற முறை சென்னையில் அன்றுதான் அமலானது. எல்லாவற்றையும்விட உறுதியானது ‘விரைவில் திரையில்’ என்று வரும் பட விளம்பரம். படத்தின் வெளியீட்டுத் தேதி தெரிந்ததுதான், அதற்கு முந்திய சில வாரங்களுக்குள் டேப்பை அடைத்துவிடலாம்.

தெருவின் சொந்தச் சேனல்

நேரம் குறைவு, கேசட் அதிகம் என்றால் முதலில் எடுக்க வேண்டியவை கேபிள்காரரின் சொந்தச் சேனல் பதிவுகள். எம்டிவியை உலகத்தில் யாராவது எங்கேயாவது பதிந்திருப்பார்கள். கொருக்குப்பேட்டையில் சில நூறு வீடுகளுக்கு மட்டும் போன சேனலை அந்தச் சில நூறு வீடுகளில் ஒன்றுதான் பதிந்திருக்க முடியும்.

அந்தச் சேனல் ஓடிய விதம் எளிமையானது. கன்ட்ரோல் ரூமில் ஒரு டெக். அதன் ஏவி வெளியீடு, படத்தையும் ஒலியையும் ஒரு சேனலாக மாற்றும் மாடுலேட்டருக்குப் போகும். டிஷ்ஷிலிருந்து வரும் சேனல்கள் எடுத்துக்கொள்ளாத காலி அலைவரிசை ஒன்றை மாடுலேட்டரில் வைத்து, மற்ற சேனல்களோடு கம்பைனரில் சேர்த்து, மெயின் ஒயரில் அனுப்புவார்கள். நடுவில் டைட்டில் போடும் கம்ப்யூட்டர் இருந்தால் கீழே எழுத்து ஓடும்: பிறந்தநாள், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் வார்த்தல், கண்ணீர் அஞ்சலி. நேயர்கள் கன்ட்ரோல் ரூமுக்கே போன் போட்டுப் பாட்டுக் கேட்பார்கள். அந்தந்தப் பகுதிக் கானாக் குழுக்கள் மேடையில் பாடியதும் இப்படித்தான் ஒளிபரப்பானது. கானா பெரிய திரைக்குப் போய்ப் புகழ் பெறுவதற்கு முன் வடசென்னையில் எப்படிப் பாடப்பட்டது, யார் தாளம் போட்டார்கள், கூட்டம் எங்கே கைதட்டியது என்பதெல்லாம் இந்தப் பதிவுகளில் இருக்கிறது. தமிழ் இசை வரலாறு எழுதுகிறவர்கள் இதைத் தேடி வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1990-களின் கடைசியில் டெக்கின் இடத்தை விசிடி பிளேயர் பிடித்தது. விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள்தான். அதிலிருந்து ஒளிபரப்பானதைக் கேசட்டில் பதிந்திருந்தால், வேகமான நடனத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். அதைக் கண்டால் டேப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

எது டேப்பின் கோளாறு, எது அன்றைய கேபிளின் கோளாறு என்று பிரித்தறிவது ரொம்ப முக்கியம். தெரியாமல்தான் பலர் டெக்கை நோண்டிக் கெடுக்கிறார்கள். படம் முழுக்கச் சமமாகப் புள்ளி பறந்து, டேப்பின் தடத்தோடு டெக்கை ஒத்துப்போகச் செய்யும் டிராக்கிங் குமிழைத் திருப்பியும் மாறாவிட்டால் அது பதியும்போதே வந்த சிக்னல் பலவீனம். உருவத்துக்கு வலப்பக்கம் நிழலாக இன்னொரு உருவம் நின்றால் ஒயர் இணைப்பு சரியில்லாமல் சிக்னல் எதிரொலித்திருக்கிறது. ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளில் இது சகஜம். இரண்டு அகலமான பட்டை மெதுவாக மேலேயோ கீழேயோ நகர்ந்தால், வழியில் இருந்த ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளை போயிருந்தது. வேறொரு சேனல் மங்கலாகப் பின்னால் தெரிந்தால், ஆம்ப்ளிஃபையரை அளவுக்கு மீறித் தூக்கி வைத்திருந்தார்கள். இவை எதையும் இப்போது சரி செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

டேப்பின் கோளாறு வேறு மாதிரி இருக்கும். குட்டிக் குட்டி வெள்ளைக் கோடு மின்னி மறைந்தால் அந்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. படத்தின் மேலோ கீழோ இரைச்சல் பட்டை நின்று, டிராக்கிங்கைத் திருப்ப நகர்ந்தால் பதிந்த டெக்குக்கும் ஓட்டும் டெக்குக்கும் அமைப்பு ஒத்துப்போகவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த படம் சட்டென்று முழுக்கப் புள்ளியாகிக் குரல் மட்டும் கேட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு அடைத்துவிட்டது. உடனே நிறுத்துங்கள்.

டெக்

புது டெக் இனி கிடையாது. கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. பழையதைத்தான் தேட வேண்டும். மூர் மார்க்கெட், ரிச்சி தெரு, பழைய டெக் மெக்கானிக்குகள் என்று அலைவதற்கு முன், கேசட் கொடுத்த வீட்டிலேயே கேளுங்கள்: “அந்த டெக் இருக்குதாக்கா?” காயலான் கடைக்குப் போகாமல் இருந்தால் அதுவே முதல் தேர்வு. வீட்டு டெக்கில் டேப்பை வழிநடத்தும் கைடுகள் கொஞ்சம் விலகியிருந்தால் பதிவும் அதே விலகலோடுதான் இருக்கும், அதே டெக்கில் ஓட்டினால் சரியாக வரும். பர்மா பஜாரிலோ வெளிநாட்டிலிருந்தோ வந்த டெக்காக இருந்தால் பின்னால் வோல்டேஜ் என்ன என்று பாருங்கள். 110 வோல்ட் டெக்கை நேராக 230-ல் செருகினால் பவர் சப்ளை அந்த நிமிடமே போய்விடும்.

பல வருடம் சும்மா இருந்த டெக்கில் நல்ல கேசட்டை முதலில் போடவே கூடாது. மூடியைக் கழற்றி, ஒன்றுக்கும் ஆகாத கேசட் ஒன்றைப் போட்டு, பிளே அழுத்தி, டேப்பை இழுத்துக்கொள்ளும் பக்கத்து ரீலையே பாருங்கள். ரீல் சீராகச் சுற்றினால் நல்லது. தயங்கித் தயங்கிச் சுற்றினாலோ நின்றாலோ, ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது அல்லது ரீலைச் சுற்றும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் வழுக்குகிறது. டேப்பை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வாங்கிச் சுற்ற ஆள் இல்லாததால் டேப் உள்ளே குவிந்து கசங்கும். ‘டெக் டேப்பைத் தின்னுடுச்சு’ என்று சொல்வது இதைத்தான். பெல்ட்டின் சுற்றளவை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். கொஞ்சம் சின்னதாகப் போட்டு இறுக்கினால் மோட்டார் திணறிப் படம் ஆடும். ஸ்டாண்ட்பையிலேயே வருடக்கணக்கில் சூடாகி நின்ற டெக்கில் பவர் சப்ளைக் கண்டென்சர்கள் உலர்ந்திருக்கும். ஆன் செய்தால் விளக்கு எரிந்து உடனே அணைகிறது என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். காசிமேடு, எண்ணூர், திருவொற்றியூர்க் கரையோர வீட்டு டெக்குகளில் உப்புக்காற்றால் ஸ்பிரிங்கும் திருகும் துருவேறியிருக்கும். திருகைக் கழற்றும் முன் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துப் பொறுத்திருங்கள், ஆனால் எண்ணெய் டேப் போகும் பாதையில் எங்கும் படக் கூடாது.

ஹெட் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் வேண்டும், ரிச்சி தெருவில் கிடைக்கும். மருந்துக்கடையில் விற்கும் 70 சதவீதத்தில் தண்ணீர் கலந்திருக்கிறது, வேண்டாம். ஹெட் பொருத்திய சுழலும் டிரம்மில் பஞ்சுக் குச்சியை வைக்கவே வைக்காதீர்கள். ஹெட்டின் நுனி தலைமுடி அளவு நுண்ணியது, பஞ்சு இழை மாட்டினால் ஒடிந்துவிடும். வெள்ளைத் தாளையோ மெல்லிய தோல் துணியையோ நனைத்து, டிரம்மின் பக்கத்தில் அசையாமல் ஒட்டிப் பிடித்து, மறு கையால் டிரம்மின் மேல்தட்டைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். துணி நிற்க வேண்டும், டிரம் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் போச்சு. ஆடியோ ஹெட், கேப்ஸ்டன் தண்டு ஆகியவற்றுக்குப் பஞ்சுக் குச்சி பரவாயில்லை. முடிந்ததும் பத்து நிமிடம் காயவிட்டு ஓட்டுங்கள். பூஞ்சை பிடித்த கேசட்டுகளை ஓட்டும் நாளில், ஒவ்வொரு கேசட்டுக்குப் பிறகும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

கேசட்

கேசட்டைக் கையில் எடுத்ததும் முதுகுப் பக்க ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தாழை ஒடித்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தான் அமுங்கினாலும் அழியாது. ஏற்கெனவே ஒடித்த இடத்தில் செலோடேப் ஒட்டியிருந்தால் மறுபடி பதிய ஒட்டியது, அதை உரித்துவிடுங்கள்.

பிறகு ஜன்னல் வழியாக ரீலை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுற்றின் விளிம்பு கறுப்பாகப் பளபளக்க வேண்டும். வெள்ளையாகப் புள்ளியோ, மாவு தூவியது போல் படலமோ தெரிந்தால் பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில், குறிப்பாகச் சிமென்ட் ஷீட் வீட்டுப் பரணில், கிட்டத்தட்ட இதுதான் நடக்கும். அந்தக் கேசட்டை ஒரு முறை ஓட்டினால் போதும், டெக்கின் வழியாக அடுத்தடுத்த கேசட்டுகளுக்கும் பரவும். அவற்றைத் தனி டப்பாவில் போடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஓரிரு வாரம் வைத்தால் பூஞ்சை உலர்ந்து தூளாகும். பிறகு முகக்கவசம், கையுறை போட்டுக்கொண்டு, ஆஸ்துமாக்காரர்கள் இல்லாத இடத்தில், வெளியில் வைத்துப் பிரியுங்கள். அடியில் ஐந்து திருகு இருக்கும். மேல் ஓட்டைத் தூக்கும் முன் டேப் எந்த உருளைக்கு முன்னால், எதற்குப் பின்னால் போகிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷ்ஷால் விளிம்பைத் துடைத்து, ரீல்களை ஒரு சுத்தமான காலிக் கேசட்டின் ஓட்டுக்குள் மாற்றுங்கள். இதற்கென்றே ஒதுக்கிய பழைய டெக் ஒன்றில் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி, அதன் பிறகுதான் நல்ல டெக்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்தவை இங்கே நிறைய. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியது. சேறு காய்ந்துபோன கேசட்டை ஓட்டினால் மணல் துகள் ஹெட்டையும் டேப்பையும் சேர்த்துக் கீறிவிடும். இப்போதுதான் நனைந்தது என்றால் வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள். ஓட்டைப் பிரித்து, டிஸ்டில்டு வாட்டரில் ரீலை அலசி, மின்விசிறிக் காற்றில், நேராக நிறுத்திக் காயவிடுங்கள். எண்ணூர்ப் பக்கம் 2023-ல் எண்ணெய் கலந்த தண்ணீரில் ஊறிய கேசட்டுகளை வீட்டில் வைத்து மண்ணெண்ணெயோ தின்னரோ போட்டுத் துடைக்க வேண்டாம், பூச்சே கரைந்துவிடும். அவற்றை மீட்க அதற்கென்று பழகிய தொழில்நுட்பக்காரர் வேண்டும்.

பூஞ்சையும் சேறும் இல்லாத கேசட் என்றால் வேலை சுலபம். கடைசி வரை வேகமாகச் சுற்றிவிட்டு, திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடந்த சுற்றுகள் பிரிந்து இழுவை சீராகும். ஏசி அறையிலிருந்து எடுத்த கேசட்டை உடனே வெளியறை டெக்கில் போடக் கூடாது. சென்னைப் புழுக்கத்தில் குளிர்ந்த டேப்பின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பூக்கும், ஈர டேப் டிரம்மில் ஒட்டிச் சுருண்டுகொள்ளும். இரண்டு மணி நேரமாவது அறை வெப்பத்தில் கிடக்கட்டும். அறுந்த டேப்பை ஒட்டச் செலோடேப் வேண்டாம். பசை கசிந்து ஹெட்டில் அப்பும். டேப் ஒட்டுவதற்கென்றே விற்கும் ஸ்பிளைசிங் டேப்பை, ஹெட் படாத பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். ஒட்டு இருக்கும் இடத்தை ஓட்டாமல், அதற்கு முன் நிறுத்தி, தாண்டிய பிறகு தொடங்குவது இன்னும் நல்லது.

கம்ப்யூட்டருக்குள்

இ-180 கேசட் மூன்று மணி நேரம் ஓடும். மாற்றவும் மூன்று மணி நேரம் ஆகும். குறுக்குவழி கிடையாது. எல்.பி. என்ற பாதி வேகத்தில் பதிந்திருந்தால் ஆறு மணி நேரம். படமும் பேச்சும் இரட்டை வேகத்தில் ஓடுகிறது என்றால் கேசட் எல்.பி., உங்கள் டெக்கில் அந்த வசதி இல்லை. குரல் வராமல் ‘புர்ர்’ என்று இரைந்தால் ஆடியோவை ஹை-ஃபையிலிருந்து நார்மலுக்கு மாற்றிப் பாருங்கள். அன்றைய வீட்டு டெக்குகளில் பெரும்பாலானவை மோனோ, குரல் டேப்பின் ஓரத் தடத்தில்தான் இருக்கும்.

பழைய டேப்பின் சிக்னல் நடுங்கிக்கொண்டே வரும். டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கேப்சர் கருவி பொறுக்காது. பிரேமைத் தவறவிடும், பத்து நிமிடத்தில் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் ஆகிவிடும். டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவில் சிக்னலை நிலைப்படுத்தும் டிபிசி வேண்டும். தனி டிபிசி விலை அதிகம். சில பழைய டிவிடி ரெக்கார்டர்கள், பதியாமல் சிக்னலை உள்ளே வாங்கி வெளியே விடும்போதே இந்த வேலையில் பாதியைச் செய்யும். பழைய மின்னணுக் கடையில் ஒன்று கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் அதிலேயே டிவிடியாகப் பதிய வேண்டாம். படத்தை அழுத்தி நசுக்கிவிடும், சில கருவிகள் நடுங்கும் சிக்னலைத் திருட்டுப் பிரதித் தடுப்பு என்று தவறாக எண்ணிப் பதியவே மறுக்கும்.

அமைப்புகள் இவை: நம் நாட்டு டிவியின் பிஏஎல் முறை, 720-க்கு 576, நொடிக்கு 25 பிரேம், 4:2:2 நிறம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட், சுருக்காத பிசிஎம். மென்பொருள் வர்ச்சுவல்டப் போதும். படத்தை இழப்பில்லாத ஹஃப்ஒய்யுவி அல்லது லகாரித் சுருக்க முறையில் பிடியுங்கள். எதையும் சுருக்காமல் பிடித்தால் மணிக்கு 75 ஜிபி, ஹஃப்ஒய்யுவியில் சுமார் 30 ஜிபி, அதாவது ஒரு கேசட் 90 ஜிபி. டிரைவ் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் நாலு ஜிபியில் கோப்பு நின்றுவிடும். கேம் விளையாட்டைப் பதியும் மென்பொருள்களை அப்படியே பயன்படுத்தினால் படத்தைத் தானாக அகலத் திரைக்கு இழுத்து, ஒவ்வொரு பிரேமிலும் இருக்கும் இரண்டு பாதிப் படங்களை (புலங்களை) ஒன்றாகக் குழப்பிவிடும். பிறகு திருத்த வழியில்லை. ஓடும்போது, தவறிப்போன பிரேம்களைக் காட்டும் ‘டிராப்டு பிரேம்ஸ்’ எண்ணைக் கவனியுங்கள். மூன்று மணி நேரத்தில் இரண்டு மூன்று என்றால் விடலாம். ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி, யுஎஸ்பி ஹப் இல்லாமல் நேராகச் செருகிப் பாருங்கள்.

கோடைச் சாயங்காலத்தில் வோல்டேஜ் இறங்கும், கரண்ட்டும் போகும். விடிகாலையில் வேலையை வைத்துக்கொண்டால் நிம்மதி. சதுர அலை இன்வெர்ட்டரில் டெக்கை ஓட்டினால் குரலின் பின்னால் ரீங்காரம் ஏறும்.

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். படத்தின் அடியில் தெரியும் நாலைந்து வரி இரைச்சல்கூட அப்படியே இருக்கட்டும். பார்ப்பதற்குத் தனிப் பிரதி எடுங்கள்: புலங்களை முழுப் படங்களாக்கும் கியூடிஜிஎம்சி கொண்டு நொடிக்கு 50 பிரேமாக்கி, 4:3 அளவு மாறாமல், எச்.264-ல், தர அளவு (சிஆர்எஃப்) 18. வீட்டாருக்குப் பென்டிரைவில் கொடுக்க இது போதும், டிவியில் செருகினால் ஓடும். நிறத்தைத் தூக்குவது, கூர்மையாக்குவது, செயற்கை நுண்ணறிவு கொண்டு ‘4கே’ ஆக்குவது எதுவும் மூலத்துக்கு வேண்டாம். அந்த மென்பொருள்கள் கீழே ஓடும் மங்கலான தமிழ் எழுத்தை வேறு எழுத்தாக வரைந்துவிடுகின்றன. பெயரும் தெருவும் அதில்தான் இருக்கிறது.

மூன்று பிரதி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். அசல் கேசட்டைத் தூக்கி எறிய வேண்டாம். முழுக்கச் சுற்றி, புத்தகம்போல் நிறுத்தி, மாடியில் உள்ள இரும்பு பீரோவில், சிலிக்கா ஜெல்லோடு, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வையுங்கள்.

இணையத்தில் ஏற்ற நினைத்தால் இரண்டு விஷயம். ஒளிபரப்பு நிறுவனத்துக்குரிய உரிமை இந்தியச் சட்டப்படி, ஒளிபரப்பான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 25 வருடம். 1994-ல் ஒளிபரப்பானது 2019 முடிவோடு தீர்ந்தது. ஆனால் பாட்டுக்கும் படத்துக்கும் உள்ள உரிமை தனி, அது 60 வருடம். ஏற்றினால் பாட்டு வரும் இடங்கள் முடக்கப்படலாம், ஆகவே அதை மட்டுமே பிரதியாக நம்பக் கூடாது. இரண்டாவது, போனில் பேசிய நேயர்கள் பெயரும் தெருவும் சொல்லியிருப்பார்கள், சிலர் காதலியின் பெயரையும். வெளியிடும் பிரதியில் அவற்றை ஒலியடக்கி, எண்களை மறைத்துவிடுங்கள். மூலத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு கோப்போடும் ஒரு எழுத்துக் கோப்பு அவசியம். கேசட்டின் மேல் எழுதியிருந்தது என்ன, எந்தப் பகுதி வீடு, எந்த டெக்கில் ஓட்டியது, எத்தனையாவது நிமிடத்தில் எந்தச் சேனல், வருடத்தை எதை வைத்துக் கணித்தது. கேபிள்காரரின் சேனல் என்றால் அதே தெருவில் நாற்பது வருடமாக இருக்கும் யாரிடமாவது பத்து நிமிடம் போட்டுக் காட்டுங்கள். “இது நம்ம அண்ணன் கன்ட்ரோல் ரூம்” என்று குரலை வைத்தே சொல்லிவிடுவார்கள், பாடுகிற கானாக் குழுவையும் அடையாளம் காட்டுவார்கள். சொன்னதை அன்றைக்கே, சொன்னவர் நினைவு என்று குறித்து எழுதுங்கள். வருடம் பிடிபடாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே விடுங்கள். ஊகத்தை உறுதிபோல எழுதினால், அடுத்து எடுப்பவர் அதை வைத்து இன்னும் பத்துக் கேசட்டின் வருடத்தைத் தப்பாகக் கணக்கிடுவார்.